கிணற்றடிப் பெண்ணின் பொட்டு

அத்தியாயம் 6

“இஸ்கூல் கேட்டு மூடினதுக்கு அப்புறம் வந்து நிக்கிறீங்களே, அதுவரைக்கும் பாப்பாவ யாரு பாத்துக்குவாங்கன்னு நெனச்சீங்க?”

“நீங்கதான்.”

“இத முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பன்னு வாங்கி வச்சிருப்பேன். ஒண்ணுதான் வாங்கினேன். அதுலயும் பாதிய நான் தின்னுட்டேன்.”

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் நடந்த பேச்சு இது. வேலூரில் பஸ் கிடைக்காமல் ஒன்றரை மணி நேரம் தாமதமாக ஓடி வந்த அறிவுமதி, பள்ளிக்கூட வாசலில் தன் மகள் சினேகாவைக் கண்டாள். வாட்ச்மேனின் ஸ்டூலில் வாட்ச்மேனின் குடைக்கடியில் உட்கார்ந்து, வாட்ச்மேன் வாங்கித் தந்த அரை பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து தாமதமாகிவிடுமோ என்ற பயம் அறிவுமதிக்குப் போய்விட்டது.

அந்த வாட்ச்மேன் அப்பாசாமிதான் இப்போது அதே பள்ளியின் கலையரங்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, தப்புச் செய்த மாணவனைப் போல நின்றிருந்தார்.

“அறிவு, நாலு மணிக்கு கண்காட்சியத் திறந்து வைக்க கலெக்டர் வர்றார்” என்றார் பள்ளித் தாளாளர் ராமதாஸ். “அதுக்குள்ள யார் இந்த வேலையச் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியணும். தெரியலேன்னா, சாவி யார்கிட்ட இருந்துச்சோ அவர்தான் பதில் சொல்லணும். பத்தொன்பது வருஷம் இருந்த மனுஷன்தான். ஆனா வெளிநாட்டுக்காரங்க நம்மள நம்பிக் குடுத்த பொருள் இது. அவரை அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

அப்பாசாமிக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் பாக்கி.

அறிவுமதி வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பதுதான் வேலை. சம்பளம் உண்மையா, சிகரெட் உண்டா, முன்னாலேயே எங்காவது கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்வாள். அவளுடைய ஒரே உதவியாளன் மணிவேல். கீழ்பென்னாத்தூர்க்காரன். டி.வி.எஸ். 50 ஓட்டுவது, பொறுமையாகக் காத்திருப்பது, வாயை மூடாமல் இருப்பது ஆகிய மூன்றும் அவனுக்கு நன்றாக வரும்.

கலையரங்கச் சுவர்களில் ஐம்பத்து நான்கு படங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் யோஹன் ப்ரெட்ஷ்னர் என்ற ஜெர்மானிய ஓவியர் வரைந்தவை. 1961-இல் அண்ணாமலையைப் பார்க்க வந்தவர், ஊருக்குத் திரும்பாமல் பதிமூன்று வருடம் இங்கேயே தங்கி, இங்கேயே இறந்துபோனார். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊர்க்காரர்கள் அவரைப் ‘பிரச்சினை சாமி’ என்று கூப்பிட்டார்கள். இறந்து இருபத்து நான்கு வருடம் கழித்து, அவருடைய தங்கை மகள் உர்சுலா எங்கெங்கோ கிடந்த படங்களையெல்லாம் தேடிச் சேர்த்து, அவர் வாழ்ந்த ஊரிலேயே முதல் கண்காட்சி வைக்க வந்திருந்தாள்.

“எங்கள் ஊரிலேயே மாமாவைத் தெரிந்தவர்கள் ஒரு பஸ்ஸுக்குள் அடங்கிவிடுவார்கள்” என்று உர்சுலா ஆங்கிலத்தில் சொன்னதை அறிவுமதி மணிவேலுக்குச் சொன்னாள்.

“டவுன் பஸ்ஸான்னு கேளுங்க மேடம். டவுன் பஸ்ஸுன்னா நெறைய பேரு அடங்குவாங்க.”

படங்கள் வருட வரிசைப்படி இருந்தன. முதலில் சாம்பல் நிறத் தெருக்கள், புகைபோக்கிகள், ஒரு நீலப் பாலம். அடுத்து நம் செம்மண்ணும் மலையும். கடைசியில் வெறும் வட்டங்களும் கோடுகளும்.

“கடைசி வரிசைய நம்ம சினேகா பாப்பா ஒரு மணி நேரத்துல போட்டுடும்” என்றான் மணிவேல்.

“பேசாம வா.”

முப்பத்தொன்றாம் எண் படத்தின் முன்னால் உர்சுலா நின்றாள். அறுபது வயது, நரைத்த கிராப்புத் தலை, கழுத்தில் காமிரா. அவள் கண்கள் சிவந்திருந்தன.

படத்தில் ஒரு கிணற்று மேடு. மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக் கிணறு. இரண்டு கல் தூண்கள். தூணில் ஒரு கையை ஊன்றியபடி இருபது வயதுப் பெண் ஒருத்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் மலை. படத்துக்குக் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டை: ‘விதவை, 1966. வரைந்த இடம் தெரியவில்லை.’

அந்த விதவையின் நெற்றி நடுவில் சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டு. வண்ணமல்ல, நிஜக் குங்குமம்.

“நேற்றுக் காலையில் நான்தான் அட்டைகளை ஒட்டினேன். பன்னிரண்டு மணிக்கு அறைக்குப் போகும்போது இது இல்லை. இன்று காலை பார்க்கிறேன், இருக்கிறது” என்றாள் உர்சுலா. “ஏன் இப்படிக் கெடுக்க வேண்டும்? என் மாமா இந்த ஊருக்கு என்ன தீங்கு செய்தார்?”

அறிவுமதி அப்பாசாமி பக்கம் திரும்பினாள். “நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் யாரு வந்தாங்க?”

“யாரும் வரலீங்கம்மா. கெட்டவங்க நல்லவங்க ஒருத்தரும் வரல. நான் ஆறு மணிக்குப் பூட்டுற வரைக்கும் இங்கதான் இருந்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அவர் முகம் வேர்த்திருந்தது. அவர் அவளைப் பார்த்தார், ராமதாஸைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அந்தப் படத்தை மட்டும் பார்க்கவில்லை.

மணிவேல் இதற்குள் வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “மேடம், இங்க இருந்து பாத்தா நீலப் பாலம் நல்லாத் தெரியுது. இந்தப் படம் முதுகுக்குப் பின்னால இருக்குது.”

“அந்தப் பக்கம்தான் காத்து வருதுங்க” என்றார் அப்பாசாமி.

மின்விசிறி அதற்கு எதிர்ப்பக்கம், படத்தை ஒட்டி இருந்தது. அறிவுமதி அதைக் கவனித்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. படத்துக்கு அருகே போய், மூச்சை இழுத்து முகர்ந்தாள்.

“மேடம், ஜெர்மன் அம்மா பயப்படறாங்க.”

“மணி, உன்கிட்ட ஒரு படத்தக் குடுத்து கெடுன்னு சொன்னா இன்னா செய்வே?”

“மீசை வரைவேன். பொம்பளையா இருந்தா பல்லக் கறுப்பாக்குவேன். எங்க ஊரு சினிமா போஸ்டர் எல்லாம் என் கைவேலைதான்.”

“பொட்டு வைப்பியா?”

மணிவேல் யோசித்தான். “பொட்டு வச்சா எப்படிக் கெடுத்ததாவும்? அழகாயில்ல ஆயிடும்.”

“அதான். வச்சவங்க கெடுக்கல, மரியாதை செஞ்சிருக்காங்க. மோதிர விரலால, கோணாம, நடு நெத்தியில. இந்த ஹால்ல இன்னும் ஏழு பொம்பளைங்க படம் இருக்கு. ஒண்ணுத்தையும் தொடல. இந்த ஒருத்தி மட்டும் அவங்களுக்கு வேண்டியவ.”

“நம்மூர்ல படத்துக்குப் பொட்டு வச்சா அந்த ஆளு செத்துட்டாங்கன்னு அர்த்தம். உயிரோட இருக்கிறவங்க படத்துக்கு யாரு பொட்டு வைப்பாங்க?”

“சரி. ஆனா விதவை படத்துக்குக் குங்குமம் யாரு வைப்பாங்க?”

மணிவேல் முதல் முறையாக வாயை மூடினான்.

“அவ கையப் பாரு” என்றாள் அறிவுமதி.

தூணில் ஊன்றிய கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்கள். காலில் மெட்டி. முகத்தில் ஈரம் மின்னியது. காதோர முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது.

“விதவையாம், கை நிறைய வளையல் போட்டிருக்கா. கழனியில வேலை செஞ்சிட்டு வந்து கிணத்துல மூஞ்சி கழுவியிருக்கா. பொட்டும் சேந்து போயிடுச்சு. அந்த நேரம் பாத்து சாமி வரைஞ்சிட்டாரு. அஞ்சு வருஷம் நம்ம ஊர்ல இருந்து, பொட்டு இல்லேன்னா விதவைன்னு பாதி பாடத்தக் கத்துக்கிட்டாரு. மூஞ்சி கழுவினாலும் பொட்டு போயிடும்ங்கிற மீதி பாடம் அவருக்குத் தெரியல.”

“அப்ப இது குத்தம் இல்ல மேடம். புரூப் திருத்தியிருக்காங்க.”

“குங்குமத்துல பவுடர் வாசனை வருது. டப்பாவுல இருந்து எடுத்ததில்ல, யாரோ தன் நெத்தியில இருந்து தொட்டு வச்சிருக்காங்க. அதனால வச்சது ஒரு பொம்பளை. எனக்கென்னவோ இவளோட மகளா இருக்கும்னு தோணுது. செத்துப்போன அம்மாவ விதவைன்னு எழுதி வச்சிருந்தா எந்தப் பொண்ணுக்குப் பொறுக்கும்? சுமங்கலியா போனவளா இருந்தா?”

ராமதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தே முக்கால். மகள எங்கே போய்த் தேடுவே? எடமே தெரியலேன்னு எழுதியிருக்கு.”

“எடம் தெரியாதா?” என்றான் மணிவேல். படத்திலிருந்த மலையைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “மாசாமாசம் பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டரு சுத்தறேன் சார். கால் வலிச்சா மலையப் பாத்துதான் இன்னும் எவ்ளோ தூரம்னு கணக்குப் போடுவேன். எங்க ஊர்ல இருந்து பாத்தா ஒரே கூம்பு. கோயிலாண்ட இருந்து பாத்தா வேற. இப்படித் தோளு எறங்கி, பக்கத்துல ஒரு குட்டித் தோளும் தெரியுதுன்னா, அடி அண்ணாமலை தாண்டி நூறு அடிகூட இருக்காது. அங்கதான் எனக்கு எப்பவும் செருப்பு கடிக்கும்.”

*

டி.வி.எஸ். 50 கிரிவலப் பாதையில் முனகிக்கொண்டே போனது. பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் பாதை காலியாக இருந்தது. இடது கைப்பக்கம் நிலக்கடலை வயல்கள். வலது பக்கம் மலை மெல்லத் தன் தோளைத் திருப்பிக்கொண்டே வந்தது.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை முன்னால் மணிவேல் வண்டியை நிறுத்தினான். கடைக்காரர் வேணு டீ ஆற்றியபடியே கேள்வியை வாங்கிக்கொண்டார்.

“கல்லுத் தூண் ரெண்டு இருக்கிற கவலைக் கிணறா? அந்த வேப்ப மரத்தாண்ட திரும்புங்க. இப்ப மோட்டார் போட்டுட்டாங்க. தூணு மட்டும் சும்மா நிக்குது. கிணத்துக்குப் பின்னாலயே ஓட்டு வீடு.”

“அந்த வீட்டுல வயசுப் பொண்ணு யாராவது இருக்காங்களா? முப்பது வயசுல?”

“பொண்ணு கிடையாதுங்க. ரெண்டும் பசங்க. ஒருத்தன் ஓசூர்ல, ஒருத்தன் பெங்களூர்ல.”

அறிவுமதி மணிவேலைப் பார்த்தாள். மணிவேல் டீயைப் பார்த்தான். “மகள் போச்சு மேடம். மருமகள்னு வச்சுக்கலாமா?”

தூண்கள் படத்தில் இருந்தபடியே நின்றன. ஓட்டு வீட்டுக் கதவை அறிவுமதி தட்டினாள். உள்ளே குழம்பு தாளிக்கும் வாசனை. கதவு திறந்தது.

வாசலில் நின்றவளை அறிவுமதி காலையிலேயே பார்த்திருந்தாள்.

முப்பத்திரண்டு வருடம் கூடியிருந்தது. உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது. காதோரம் நரைத்திருந்தது. ஆனால் கண்கள் அதே கண்கள், நேராகப் பார்த்தன. கையில் பச்சை வளையல்கள். நெற்றியில் கால் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், அதைச் சுற்றி லேசாகப் பவுடர்.

“மேடம்” என்றான் மணிவேல் மெதுவாக. “செத்துப்போனவங்க கதவத் தொறக்கறாங்க.”

“யாரும்மா வேணும்?” என்றாள் அந்தப் பெண்.

“உங்க பேரு?”

“ஜோதியம்மாள். இன்னா விஷயம்? சீக்கிரம் சொல்லுங்க. வீட்டுக்காரருக்குச் சோறு எடுத்துனு போவணும். பஸ்ஸ வுட்டா அப்புறம் ஒண்ணரைக்குத்தான்.”

“எங்க வேலை செய்றாரு?”

“டவுன்ல, இஸ்கூல்ல வாட்ச்மேன்.”

நாற்காலி ஏன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது என்பது அறிவுமதிக்கு விளங்கியது. நேற்று யாரும் வரவில்லை என்று அப்பாசாமி சொன்னதும் உண்மைதான். தினமும் சோறு கொண்டுவரும் பெண்டாட்டியை எந்தப் புருஷன் வந்தவர்கள் கணக்கில் சேர்ப்பான்?

“அம்மா, நேத்து அந்தப் படத்துல பொட்டு வச்சது நீங்கதானே?”

ஜோதியம்மாள் மறுக்கவில்லை. கேட்க ஓர் ஆள் வந்ததே போதும் என்பதுபோல மளமளவென்று சொன்னாள்.

“அவரு வெளிய குந்தினு சாப்ட்டாரு. தண்ணிச் சொம்பு உள்ள இருக்குது எடுத்தான்னாரு. போனேன். எதிர்ல நான் நிக்கிறேன். என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அந்த வெள்ளைக்காரரு வரப்புல குந்தினு வரைஞ்சது ஞாபகம் இருக்குது. எப்படி வந்துச்சுன்னு நான் பாத்ததே இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கீழ படிச்சேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்மா. விதவைன்னு போட்டிருக்குது. எம் புருஷன் பத்தடியில ரசம் சோறு தின்னுனு இருக்காரு, இங்க எனக்கு விதவைன்னு போர்டு. அதுவும் வெள்ளிக்கிழமையில. டக்குனு நெத்தியில இருந்து தொட்டு வச்சுட்டு வந்துட்டேன்.”

“அவர்கிட்ட சொல்லலியா?”

“படம்னு பேச்செடுத்தாலே அவருக்கு ஆவாது. அந்த வருஷந்தான் எங்களுக்குக் கல்யாணம். ‘உம் பெண்டாட்டிய வெள்ளைக்காரன் படம் புடிக்கிறான்’னு தெருவுல நாலு பேரு கிண்டல் பண்ணிட்டானுங்க. ஒரு மாசம் என்கிட்ட பேசல.”

“அந்தப் பொட்டுக்காக அவரை இன்னிக்கு நாலு மணிக்கு வேலைய விட்டு அனுப்பப் போறாங்கம்மா.”

ஜோதியம்மாள் அடுப்பை அணைத்தாள். டிபன் கேரியரை மூடினாள். கதவைப் பூட்டினாள். “வண்டி யாரு ஓட்டுறது?” என்றாள்.

அறிவுமதி ஓட்டினாள். முதல் பஸ் அதற்குள் போய்விட்டதால், மணிவேல் ஒண்ணரை பஸ்ஸுக்குக் காத்திருக்க, வேணு கடைக்கே திரும்பிப் போனான்.

*

கலையரங்கத்துக்குள் டிபன் கேரியரோடு நுழைந்த மனைவியைப் பார்த்ததும் அப்பாசாமி எழுந்தார். “நீ எதுக்கு உள்ள வந்தே? வெளிய வச்சிட்டுப் போ.”

“நான்தான் வச்சேன்” என்றாள் ஜோதியம்மாள், ராமதாஸைப் பார்த்து. “இவருக்கு ஒண்ணும் தெரியாது. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க.”

ராமதாஸ் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “யோவ் அப்பாசாமி, இது உன் வீட்டுக்காரம்மான்னு காலையிலயே ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“அது யாரு வச்ச பொட்டுன்னு எனக்குத் தெரியாதுங்க.”

“படத்துல இருக்கிறது யாருன்னு தெரியுமில்ல?”

“வண்டியில இருந்து எறக்கும்போது ஓரமாத் தெரிஞ்சுதுங்க. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே திரும்பல.”

அறிவுமதி உர்சுலாவுக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். வளையலைச் சொன்னாள், மெட்டியைச் சொன்னாள், கழுவிய முகத்தைச் சொன்னாள். பத்தடி தூரத்து ரசம் சோற்றைச் சொல்லும்போது உர்சுலா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“படத்தின் பின்னால் மாமா எழுதியிருக்கிறார்” என்றாள். “‘கிணற்றடியில் ஓர் இளம் விதவை. அவளுடைய துக்கத்தைக் கலைக்க விரும்பாமல் பேர் கேட்கவில்லை’ என்று. எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தத் துக்கத்தைப் பற்றி அவ்வளவு பேசுவோம்.”

அறிவுமதி மொழிபெயர்த்தாள்.

“துக்கமா?” என்றாள் ஜோதியம்மாள். “மத்தியானம் சோத்துக்கு நேரமாச்சேன்னு நின்னுனு இருந்தேன்.”

உர்சுலா அட்டையைப் பிய்த்தெடுத்தாள். பின்பக்கம் பேனாவால் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் எழுத அறிவுமதியிடம் நீட்டினாள். ‘ஜோதியம்மாள், சாப்பாட்டு நேரம், 1966’ என்று எழுதினாள் அறிவுமதி. பொட்டைத் துடைக்க எடுத்து வைத்திருந்த பஞ்சை உர்சுலா மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். இருக்கட்டும், மாமா விட்டதை அந்த அம்மாவே முடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள்.

“அப்பாசாமி, சட்டைய மாத்திக்க” என்றார் ராமதாஸ். “கலெக்டர் வரும்போது கேட்டுல நீதான் நிக்கணும்.”

பத்தொன்பது வருட வேலை அந்த ஒரு வரியில் அவரிடம் திரும்பி வந்தது. அப்பாசாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த கையோடு, யாரும் கேட்காமலே, முப்பத்தொன்றாம் எண் படத்தின் பக்கம் திரும்பினார். வெகு நேரம் பார்த்தார்.

“இன்னா இவ்ளோ ஒல்லியா இருக்கே?” என்றார்.

“அப்ப உங்க அம்மா சோறு போட்ட லட்சணம் அது.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்க்காமல், படத்திடமே சொன்னார்: “அந்த ஒரு மாசம் நான் பேசாம இருந்திருக்கக் கூடாது.”

ஜோதியம்மாள் டிபன் கேரியரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

படத்துக்குப் பக்கத்தில் ஜோதியம்மாளை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று உர்சுலா கேட்டாள். காமிராவைப் பார்த்ததும் அப்பாசாமி வழக்கம்போல நாலடி தள்ளி நின்றுகொண்டார். பெரிய மகன் கல்யாணத்தில் போட்டோக்காரர் கூப்பிட்டபோது பந்தியில் வேலை இருக்கிறது என்று போனவர் அவர். சின்னவன் கல்யாணத்தில் ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார். இரண்டு ஆல்பத்திலும் ஜோதியம்மாள் தனியாகத்தான் நின்றிருந்தாள். இரண்டு தடவையும் கேட்க வாயெடுத்து, அந்த ஒரு மாதத்தை நினைத்து, கேட்காமல் விட்டிருந்தாள்.

உர்சுலா காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். ஜோதியம்மாள் கையை நீட்டி அதைத் தடுத்தாள். டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். நாலடி தள்ளி நின்ற மனிதரை நேராகப் பார்த்தாள்.

“ஏங்க… என் பக்கத்துல வந்து நிக்கிறீங்களா? நாம ரெண்டு பேரும் சேந்து ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”